உப்புக்காற்றுக்கு ஏற்ற குட்டை ரிவால்வர்

வேட்டி கட்டுகிறவருக்கு ரிவால்வர் தேர்ந்தெடுப்பது, பேன்ட் போடுகிறவருக்குத் தேர்ந்தெடுப்பதைவிடச் சிக்கலான வேலை. கான்பூரில் செய்யும் வழக்கமான .32 ரிவால்வர் (இந்த எண் ஏறக்குறைய குழல் துளையின் அங்குல அளவு) தோட்டா இல்லாமலே 700 கிராம் அளவுக்கு வரும். அதை மடியில் செருகிக்கொண்டு பஸ் ஏறினால் இரண்டாவது படியிலேயே வேட்டி இறங்கத் தொடங்கும். கைலி என்றால் இன்னும் மோசம். நம் ராமநாதபுரம் கடற்கரையில், கீழக்கரை, தொண்டிப் பக்கம் கைலிமேல் கட்டுகிற அகலமான பச்சை பெல்ட் ரூபாய் நோட்டைத் தாங்கும், இரும்பைத் தாங்காது. ஆகவே எந்த மாடல் நல்லது என்று கேட்பதற்கு முன்னால் மூன்று விஷயங்களுக்குப் பதில் வைத்துக்கொள்ளுங்கள்: அன்றாடம் என்ன உடுத்துகிறீர்கள், எவ்வளவு வேர்க்கிறது, வீடும் தொழிலும் கடலிலிருந்து எவ்வளவு தூரம். கடலைவிட்டுத் தள்ளியிருக்கிற முதுகுளத்தூர்க்காரருக்குச் சரிப்பட்டு வருகிற துப்பாக்கி, கடலோர மண்டபம் ஊர்க்காரர் இடுப்பில் ஆறு மாதத்தில் துருப்பிடித்து நிற்கும்.

சட்டத்தை முதலிலேயே முடித்துவிடலாம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் ஒரு தோட்டாகூட வைத்திருக்க முடியாது. 21 வயது ஆகியிருக்க வேண்டும். தடை செய்யப்படாத ரகத் துப்பாக்கிக்கு மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பம். போலீஸ் அறிக்கை வரும். துப்பாக்கியைப் பத்திரமாக வைக்கப் பூட்டுள்ள பெட்டி, பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் இதெல்லாம் 2016 விதிகளில் வந்தவை. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கி. லைசென்ஸ் ஐந்து ஆண்டுக்கு. உங்கள் லைசென்ஸ் எந்த எல்லைவரை செல்லும், தமிழ்நாடு மட்டுமா நாடு முழுவதுமா என்பதும், ஒரு நேரத்தில் எத்தனை தோட்டா, வருடத்துக்கு எத்தனை என்பதும் அதிலேயே எழுதியிருக்கும். அதை மனப்பாடமாக வைத்திருங்கள். ‘குழல் நீளமாக இருக்கிறது, பட்டறையில் கொடுத்து வெட்டிவிடலாம்’ என்ற யோசனை யாருக்காவது வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளட்டும். குழலைக் குட்டையாக்குவது அதே சட்டத்தின் 6ஆம் பிரிவில் தனிக் குற்றம்.

குட்டைக் குழல் ரிவால்வர் என்ற வகையே அமெரிக்காவில் வளர்ந்தது. கோல்ட் நிறுவனம் 1927இல் இரண்டு அங்குலக் குழலோடு ‘டிடெக்டிவ் ஸ்பெஷல்’ கொண்டுவந்தது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1950இல் ஐந்து தோட்டா ‘சீஃப்ஸ் ஸ்பெஷல்’ இறக்கியது. இரண்டும் .38 ஸ்பெஷல். இணையத்தில் இந்தத் தலைப்பில் படிக்கக் கிடைப்பதில் பெரும்பகுதி அந்தக் குடும்பத்தைப் பற்றியதுதான். படிக்கலாம், அதில் கற்றுக்கொள்ளவும் நிறைய இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மதுரையில் கடை ஏறினால் பயனில்லை. கைத்துப்பாக்கி இறக்குமதி 80களின் நடுவிலேயே அடைபட்டுவிட்டது. பழைய வெளிநாட்டுச் சரக்கு கைமாறிக் கைமாறி யானை விலையில் கிடக்கிறது. நமக்கு எட்டுகிறது .32 உள்நாட்டு ரிவால்வர்கள்தான், கூடவே ஒரு .22.

அவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கான்பூர் ஆயுதத் தொழிற்சாலையின் பழைய .32 ரிவால்வர், வெப்ளி என்ற பிரிட்டிஷ் ரிவால்வர் வழியில் வந்தது. மேலே உள்ள கொக்கியை அழுத்தினால் குழலும், தோட்டாக்கள் உட்காரும் உருளையான சிலிண்டரும் முன்பக்கம் மடங்கித் திறக்கும். ஆறு தோட்டா, மூன்று அங்குலக் குழல். 2014இல் வந்த ‘நிர்பீக்’ அதே மடங்கும் வகை, டைட்டானியம் கலவையில் 500 கிராம். வந்த புதிதில் விலை 1,22,360 ரூபாய். 2023 ஆகஸ்டில் அறிமுகமான ‘பிரபல்’ 700 கிராம், 76 மில்லிமீட்டர் குழல், முழு நீளம் 18 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே வரும். இஷாப்பூரில் செய்த ‘நிடர்’ .22, எட்டுத் தோட்டா, வெறும் 250 கிராம். வெப்ளி பெயரிலேயே உத்தரப்பிரதேசத்தில் தயாராகும் .32 ஒன்றும் உண்டு.

கடைக்குப் போகிறவர் கண் நேராக 250 கிராமில் போய் விழும். சட்டைப் பையில் போட்டாலும் தெரியாது என்பார்கள், உண்மைதான். ஆனால் .22 தோட்டாவில் தீப்பொறி மருந்து அடிவிளிம்பு முழுக்கப் பரவியிருக்க வேண்டும். ஓரிடத்தில் பரவாமல் போய், அடி அங்கேயே விழுந்தால் வெடிக்காது. அந்த மருந்தை அடியின் நடுவில் சின்னத் தொப்பியாக வைத்த .32இல் இந்தத் தொல்லை குறைவு. குண்டின் பலத்தைப் பார்த்தால், குட்டைக் குழலிலிருந்து .22க்கு 100 ஜூல் சுற்றித்தான் கிடைக்கும். .32இன் 6.35 கிராம் ஈயக் குண்டு விநாடிக்கு 215 மீட்டர் அளவில் போனால் 150 ஜூல் வரும். .38 ஸ்பெஷலின் 10 கிராம் குண்டுக்கு 270 ஜூல். நம் .32 நடுவில் நிற்கிறது, அதுவும் கீழ்ப்பக்கமாக. பலம் இவ்வளவுதான் என்று ஒப்புக்கொண்டால், அடுத்த கேள்வி குறி தவறாமல் விழுமா என்பது. அங்கேதான் குட்டைக் குழலின் விலை தெரியும்.

கணக்காகவே பார்க்கலாம். குறிபார்க்கக் குழல் நுனியில் இருக்கும் முன் குறிக்கும், பின்னால் இருக்கும் பின் குறிக்கும் நடுவில் 10 சென்டிமீட்டர் இருக்கிறது என்று வையுங்கள். கை நடுங்கி முன் குறி ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால், 7 மீட்டரில் குண்டு 7 சென்டிமீட்டர் தள்ளி விழும். 25 மீட்டரில் 25 சென்டிமீட்டர், அதாவது ஒரு ஜாண். குறிகளுக்கு நடுவே 15 சென்டிமீட்டர் இருந்தால் அதே நடுக்கம் 7 மீட்டரில் 4.7 சென்டிமீட்டரோடு நிற்கும். ‘50 மீட்டர் போகும்’ என்று விளம்பரத்தில் வருவது துப்பாக்கியின் திறன்; குண்டு அதையும் தாண்டி வெகுதூரம் போகும். நீங்கள் அடிக்கக்கூடிய தூரம் ஒரு மீன் ஏலக்கூடத்தின் அகலம். குறியும் சின்னதாக, கறுப்பாக இருக்கும். முன் குறியின் பின்முகத்தில் வெள்ளையோ ஆரஞ்சோ நகப்பூச்சு ஒரு துளி வைத்தால் அந்தி வெளிச்சத்தில் கண் சட்டென்று பிடிக்கும். இதற்குப் பட்டறை வேண்டாம், லைசென்ஸும் வேண்டாம்.

குறியைவிட அதிகம் கெடுப்பது டிரிகர். ரிவால்வரில் இரண்டு விதமாகச் சுடலாம். குதிரையை, அதாவது தோட்டாவின் அடியில் விழுந்து வெடிக்கவைக்கும் சுத்தியை, கட்டைவிரலால் பின்னிழுத்து வைத்துவிட்டு டிரிகரைத் தொட்டால் ஒன்றரை, இரண்டு கிலோ இழுவையில் விழும். குதிரையைத் தொடாமல் டிரிகரை மட்டும் ஒரே இழுப்பாக இழுத்தால் சிலிண்டர் சுழன்று, குதிரை எழுந்து விழ வேண்டும். அதற்கு ஐந்து, ஆறு கிலோவரை போகும். தற்காப்பில் நடப்பது இரண்டாவதுதான். கடையில் எல்லோரும் முதலாவதைச் சோதித்துப் பார்த்து ‘பஞ்சு மாதிரி இருக்கே’ என்று வாங்கி வருகிறார்கள். மீன் எடை போடும் கொக்கித் தராசு ஒன்றை எடுத்துப் போங்கள். கடைக்காரரிடம் சொல்லி, சிலிண்டரில் தோட்டா போடுகிற எல்லா அறையும் காலி என்று இரண்டு பேரும் பார்த்த பிறகு, கொக்கியை டிரிகர் நடுவில் மாட்டி நேராகப் பின்னால் இழுங்கள். குதிரை விழும்போது தராசு என்ன காட்டுகிறது என்று மூன்று முறை குறித்துக்கொள்ளுங்கள். மூன்றும் அரைக் கிலோவுக்கு மேல் வித்தியாசப்பட்டால் உள்ளே உராய்வு இருக்கிறது. ஒரே மாடலில் நாலு துப்பாக்கி வைத்தால் நாலும் நாலு விதமாக இருக்கும். மாடல் பெயரைவிட, கையில் இருக்கிற அந்தத் துண்டைப் பாருங்கள்.

500 கிராம் துப்பாக்கியில் ஆறு கிலோ டிரிகர் என்றால் என்ன நடக்கும்? உங்கள் விரல் இழுக்கிற இழுப்பு துப்பாக்கியின் எடையைப்போலப் பன்னிரண்டு மடங்கு. பிடி தளர்வாக இருந்தால் டிரிகர் வருவதற்குப் பதில் துப்பாக்கி மூக்கு இடது கீழே போகும், வலக்கைக்காரருக்கு. 700 கிராமில் இதே தவறு குறைவாகத் தெரியும். .32 தோட்டா உதைப்பது மிகக் குறைவு, அதனால் உதைக்குப் பயந்து கனமானதை வாங்க வேண்டியதில்லை. டிரிகரைச் சமாளிக்கத்தான் அந்தக் கனம் உதவுகிறது. என் கணக்கில், பேன்ட் போட்டு நல்ல பெல்ட் கட்டுகிறவர் 700 கிராமையே எடுக்கலாம். நாள் முழுக்க வேட்டியில் இருப்பவருக்கு 500 கிராம், வாரம் ஒருமுறை கூடுதல் பயிற்சியோடு.

பழகுவதற்கு டம்மி தோட்டா ஆறு வாங்கிக்கொள்ளுங்கள். உண்மைத் தோட்டா வேறு அறையில், பூட்டில். முன் குறியின் தலையில் ஒரு பத்துப் பைசாவை நிறுத்திவைத்து, அது விழாமல் டிரிகரை இழுத்து முடிக்க வேண்டும். தினம் இருபது இழுப்பு போதும். முப்பதைத் தாண்டினால் விரல் சோர்ந்து தப்பான பழக்கம் படியும். உண்மையான சுடுதல் ரைபிள் கிளப் ரேஞ்சில் மட்டும். தனுஷ்கோடி மணலில் ஆளில்லை என்று கடலைப் பார்த்துச் சுடக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு தகவல்: தாழ்ந்த கோணத்தில் தண்ணீரில் பட்ட ஈயக் குண்டு மூழ்காது, தட்டுக்கல் போலத் தவ்விப் போகும். அந்தப் பக்கம் நாட்டுப்படகு இருக்கும்.

குதிரை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ரிவால்வர் சட்டை விளிம்பில் மாட்டும். நம் அரைக்கைச் சட்டை, மெல்லிய துணி, வேர்வையில் உடம்போடு ஒட்டியிருக்கும். எடுக்கும்போது குதிரையின் கொம்பு துணியை அள்ளிக்கொண்டு வரும். அமெரிக்காவில் இதற்காகவே குதிரையைத் துப்பாக்கியின் உடம்புக்குள் மறைத்த மாடல்கள் உண்டு. இங்கே பெரும்பாலும் வெளியேதான். கொம்பைத் தேய்த்துவிடலாமா என்று பட்டறைக்காரரைக் கேட்காதீர்கள். எடை குறைந்தால் அடி லேசாகி, தொப்பி வெடிக்காமல் போகும். எடுக்கும்போது கட்டைவிரலைக் குதிரைமேல் மூடியபடி எடுப்பதைப் பழகினால் போதும். உறையை விட்டு வெளியே வந்ததும் கட்டைவிரல் பிடிக்கு இறங்க வேண்டும். சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையிலுள்ள இடைவெளிக்குப் பக்கத்தில் எந்த விரலும் போகக்கூடாது. பிஸ்டலைப் பிடித்துப் பழகியவர்கள் இடக்கைக் கட்டைவிரலை முன்னால் நீட்டுவார்கள்; அந்தச் சந்திலிருந்து பீறிடும் சூட்டுக்காற்று தோலைக் கிழிக்கும்.

மடங்கும் வகையா, சிலிண்டர் பக்கவாட்டில் வருவதா? மடங்குவதில் ஒரு வசதி: திறந்த உடனே ஆறு வெற்றுக் கூடுகளும் தானாக எகிறி விழும். குறை, எல்லாப் பலமும் மேலே உள்ள அந்த ஒரு கொக்கியில் தொங்குவது. பழையதில் அது தேய்ந்து குழல் லேசாக ஆடும். மெதுவாகத் திறந்தால் ஒரு கூடு, கூடுகளை வெளியே தள்ளும் தள்ளுத்தட்டின் கீழே நழுவி மாட்டிக்கொள்ளும். பிறகு குச்சி தேட வேண்டியதுதான். சட்டென்று, முழுசாகத் திறக்க வேண்டும். பக்கவாட்டு வகையில் துப்பாக்கியின் உடற்சட்டம் ஒரே துண்டு, பலம் அதிகம். ஆனால் குட்டைக் குழலுக்குக் கீழே தள்ளுகோலும் குட்டை. கூட்டை முழு நீளத்துக்குத் தள்ளாது. குழல் வாயை வானம் பார்க்க நிமிர்த்தி, உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு. தட்டாமல் அழுத்தினால் பாதியில் நிற்கும். சினிமாவில் மணிக்கட்டைச் சுண்டி சிலிண்டரை மூடுவார்களே, அதை ஒரு முறை செய்தாலும் சிலிண்டரைத் தாங்கும் கை வளையத் தொடங்கும். இரண்டு விரலால் மூடுங்கள். இரண்டில் ஒன்றைச் சொல்லச் சொன்னால் புதிதாக வாங்குகிறவருக்குப் பக்கவாட்டு வகைதான். ஒரு எச்சரிக்கை: அதில் தள்ளுத்தட்டின் அடியில் நாலு மணல் துகள் சேர்ந்தால் சிலிண்டர் இறுகி, டிரிகர் நகராது. நம் ஊரில் காற்றே மணல்.

பழைய துப்பாக்கி கைமாறி வாங்குபவர்கள் பார்க்க வேண்டியது இது. காலியா என்று பார்த்து, குதிரையை மிக மெதுவாகப் பின்னிழுங்கள். குதிரை முழுவதும் நிற்பதற்கு முன்பே, அல்லது அதே நேரத்தில், சிலிண்டர் பூட்டும் ‘டிக்’ சத்தம் வர வேண்டும். ஆறு அறைக்கும் ஆறு முறை. ஒன்றில் தாமதமானாலும் அறை குழலோடு நேராக நிற்காது. சுடும்போது ஈயத்தைச் சீவிப் பக்கத்தில் நிற்பவர் முகத்தில் தெறிக்கும். பிறகு டிரிகரை இழுத்துப் பிடித்தபடியே சிலிண்டரை ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் மயிரிழை ஆட்டம் பரவாயில்லை, முன்பின் ஆட்டம் கூடாது. குழலுக்கும் சிலிண்டருக்கும் இடைவெளி 0.1 முதல் 0.25 மில்லிமீட்டர். ஒர்க்‌ஷாப்பில் வால்வு கிளியரன்ஸ் பார்க்கும் ஃபீலர் கேஜ் தகடுகள் இதற்குப் போதும். குதிரையைப் பின்னிழுத்து நிறுத்திவிட்டுக் கட்டைவிரலால் முன்னால் தள்ளினால் விழக்கூடாது. குழலின் பின்வாயில் டார்ச் அடித்து விரிசலைத் தேடுங்கள். கடைசியாக, துப்பாக்கியின் உடம்பில் உள்ள எண்ணும் தாளில் உள்ள எண்ணும் ஒன்றா என்று எழுத்துக்கு எழுத்து. தேய்த்த தடம் இருந்தால் பணத்தைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

தோட்டா விஷயத்தில் இந்த ஊரில் அடிக்கடி நடக்கும் குழப்பம் ‘.32’ என்ற ஒரே பெயர். பிஸ்டலுக்கும் ரிவால்வருக்கும் லைசென்ஸில் .32 போர் என்றே எழுதுவார்கள். இரண்டும் வேறு. ரிவால்வருக்கு வேண்டியது .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங். அடியில் தெளிவான விளிம்பு, நீளமான கூடு. பிஸ்டலுக்கானது 7.65 பிரவுனிங், குட்டை, விளிம்பு பேருக்குத்தான் இருக்கும். வில்லங்கம் என்னவென்றால் பிஸ்டல் தோட்டா பல ரிவால்வர் அறைகளில் உள்ளே போய் உட்கார்ந்துவிடும், அழுத்தம் அதிகம். மடங்கும் வகைக் கொக்கியை அது கெடுக்கும். டப்பாவை மட்டும் பார்க்காமல் ஒரு தோட்டாவை எடுத்து அடியைப் படியுங்கள்.

வாங்கிய டப்பாவில் பத்துத் தோட்டாவைச் சுட்டுப் பார்க்காமல் மிச்சத்தை நம்பக்கூடாது. வெடிக்காத தோட்டா வந்தால் குழல் வாயைத் திசை மாற்றாமல் முப்பது விநாடி காத்திருந்து எடுங்கள், அடியில் விழுந்த தழும்பைப் பாருங்கள். தழும்பு ஆழமாக இருந்து வெடிக்கவில்லை என்றால் குற்றம் தோட்டாவில். மேலோட்டமாக இருந்தால் ஸ்பிரிங்கில் அல்லது தொப்பியைக் குத்தும் முள்ளில். இந்த ஒரு பார்வை பட்டறைச் செலவை மிச்சப்படுத்தும். ‘டப்’ என்று அடங்கிய சத்தம் வந்து உதை இல்லாமல் போனால் அடுத்ததைச் சுடவே கூடாது. முந்தின குண்டு குழலுக்குள் சிக்கி நிற்கலாம். திறந்து, காலி செய்து, வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள்.

இனி உப்பு. இந்தப் பகுதி நீளும், ஏனென்றால் இங்கே துப்பாக்கி சாவது பெரும்பாலும் இதனால்தான். 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தை அரித்துத் தின்றதும், 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்கு விசேஷப் பூச்சு கேட்டதும் இதே காற்று. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத் துகள் தானாகவே நீரை உறிஞ்சிக் கரையும். இரும்புமேல் கண்ணுக்குத் தெரியாத உப்பு உட்கார்ந்தாலே போதும், ராத்திரி அது உப்புத் தண்ணீர். தென்மேற்குக் காற்றான கச்சான் அடிக்கிற மாதங்களில் மணலோடும், வாடைக்காலத்தில் மழை ஈரத்தோடும் வரும். வேர்வையும் உப்புதான், அதுவும் உடம்புச் சூட்டோடு.

நீலப் பூச்சு என்று கடையில் காட்டுகிற கருநீல மினுமினுப்பு ஒரு பூச்சே அல்ல, கட்டுப்பாடாக வளர்த்த மெல்லிய துரு. எண்ணெயைப் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. எண்ணெய் இல்லாத நீலம் கீழக்கரையில் இரண்டு வாரத்தில் செம்புள்ளி போடும். டைட்டானியம் துருப்பிடிக்காது என்பது சரி. ஆனால் ஸ்பிரிங், முள், திருகு, தள்ளுகோல் எல்லாம் எஃகு. வெளியே பளபளவென்று இருந்து உள்ளே ஸ்பிரிங் அரித்த துப்பாக்கி, வெளியே துருப்பிடித்ததைவிட ஆபத்து, பார்த்தால் தெரியாது.

எடுத்து வைக்கும்போதெல்லாம் எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு, விரல் பட்ட இடம் தவறாமல். தையல் மெஷின் எண்ணெய் நல்லது, மெல்லிசாக. தேங்காய் எண்ணெய் வேண்டாம்: நாள்பட்டால் கெட்டுப்போகும், குளிர்ந்தால் உறையும், மார்கழி விடியலில் டிரிகர் இழுக்க வராது. துரு இளக்கும் ஸ்ப்ரேயைத் தோட்டா பக்கம் கொண்டுபோகாதீர்கள். தொப்பியின் விளிம்பு வழியாக ஊறி மருந்தைக் கெடுத்துவிடும். எண்ணெய் தடவிய கையோடு தோட்டா போடுவதும் அதே தப்பு; அறைகளை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டே நிரப்புங்கள். சுட்ட நாளில் பிரஷ் போட்டு ஆறு அறையும், குழலும், தள்ளுத்தட்டின் அடியும். மாதம் ஒரு நாள், சுடாவிட்டாலும்.

தோல் உறை பார்க்க அழகு. தோல் பதனிடும் அமிலமும் உங்கள் வேர்வையும் சேர்ந்து பித்தளைத் தோட்டாவில் பச்சைக் களிம்பு ஏற்றும், இரும்பை அரிக்கும். இந்தக் கரையில் வார்த்த பிளாஸ்டிக் உறைதான். உடம்புக்கும் துப்பாக்கிக்கும் நடுவில் உயர்ந்து நிற்கும் தடுப்பு இருக்க வேண்டும், டிரிகர் வளையம் முழுக்க மூடியிருக்க வேண்டும். வீட்டுப் பெட்டிக்குள் உறையோடு வைக்காதீர்கள். சிலிக்கா ஜெல் கால் கிலோ ஒரு துணிப்பையில். மணி நிறம் மாறினால் இரும்புச் சட்டியில் மெல்லிய தீயில் வறுத்துத் திரும்பப் போடலாம். அரிசிமூட்டை வைத்தியம் இதற்கு ஆகாது, தூசுதான் சேரும். இடுப்பில் சுமந்த தோட்டாவை ஆண்டுக்கு ஒருமுறை ரேஞ்சில் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதிது போடுங்கள்.

கடல்தண்ணீரில் விழுந்துவிட்டால் காய வைக்கவே கூடாது. காலி செய்து, உடனே நல்ல தண்ணீரில் நன்றாக அலசி, கைப்பிடிப் பலகையைக் கழற்றி, மண்ணெண்ணெயில் முக்கி எடுத்து, எண்ணெய் விட்டு, லைசென்ஸ் பெற்ற பட்டறைக்கு. பாதி வழியில் காய்ந்தால் உப்பு உள்ளேயே படிந்துவிடும். அதில் இருந்த ஆறு தோட்டாவையும் மறுபடி நம்பக்கூடாது. குப்பையில் போடாமல் வாங்கிய கடையில் ஒப்படைக்க வேண்டும்.

சுமப்பதற்கு வருவோம். பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறையிலோ உடம்போடோ, முழுவதும் மறைந்து இருக்க வேண்டும் என்கின்றன 2016 விதிகள். ஆகவே ஸ்கூட்டர் டிக்கி, கடை கல்லா, மஞ்சப்பை எதுவும் இடமல்ல. வேட்டிக்காரருக்குச் சரிப்படுவது ஒன்றே: உள்ளே பெல்ட் வளையம் வைத்த அரைக்கால் டிரவுசர், அதில் ஒன்றரை அங்குலக் கெட்டி பெல்ட், அதில் உறை, மேலே வேட்டி, அதற்குமேல் தொளதொள சட்டை. பட்டாபட்டிப் பையில் போட்டால் நடக்கும்போது தொடையில் மணியாட்டும். வெள்ளைச் சட்டை வேர்வையில் நனைந்தால் கண்ணாடி. கோடு போட்டது, அடர்த்தி நிறம், உள்ளே பனியன். வலதுபக்க எலும்புக்குக் கொஞ்சம் பின்னால் வைத்தால் சிலிண்டரின் புடைப்பு தெரியாது. குனியும்போது முதுகில் தெரியும், அதனால் முட்டி மடக்கிக் குனியப் பழகுங்கள். குதிரைக்கும் தோட்டாவுக்கும் நடுவில் தடுப்புக்கட்டை இல்லாத பழைய துப்பாக்கி என்றால் குதிரைக்குக் கீழ் அறையைக் காலியாக விட்டு ஐந்தோடு நிறுத்துங்கள்.

கோயில், பள்ளிவாசல், பள்ளிக்கூடம், கல்யாணம் எதற்கும் எடுத்துப் போகாதீர்கள். ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தமும் ஆடி ஈர வேட்டியோடு நிற்கிறவர் இடுப்பில் ரிவால்வர் எங்கே இருக்கும்! கல்யாண ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்துச் சுடுவதற்கு 2019 திருத்தம் இரண்டு ஆண்டுவரை சிறை, ஒரு லட்சம்வரை அபராதம், அல்லது இரண்டும் வைத்திருக்கிறது. படகில் ஏற்றுவது அதைவிட முட்டாள்தனம். லைசென்ஸ் நாட்டின் எல்லையோடு முடியும், இலங்கையின் கச்சத்தீவுப் பக்கம் ஒதுங்கிப் பிடிபட்டால் மீன்பிடி வழக்கு ஆயுத வழக்காக மாறும்.

தற்காப்புக்காகச் சுடுவதற்கான உரிமை புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் இருக்கிறது. 2024 ஜூலை முதல் நாளிலிருந்து இந்த எண்கள். தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது என்பது 37இல். உயிர்போகும் அல்லது கொடுங்காயம் ஏற்படும் என்ற நியாயமான அச்சம் போன்ற சில நிலைகளில் மட்டும் உயிரைப் பறிக்கும் அளவுக்குப் போகலாம் என்பது 38இல். ஓடுகிற திருடன் முதுகு அதில் இல்லை. 44ஆம் பிரிவு, குறுக்கே நிற்கும் அப்பாவிக்கு ஆபத்து வரும் நிலையைப் பற்றியது. மீனவர் குடியிருப்பில் கீற்றுத் தட்டியும் ஆஸ்பெஸ்டாஸும் .32 குண்டைத் தடுக்காது. தப்பிய குண்டு அடுத்த வீட்டுத் தொட்டில்வரை போகும். பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் விரல் டிரிகருக்குள் போகக்கூடாது.

கடைசியாக ஒப்படைப்பு. தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியை ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள கடையிலோ கொடுக்கச் சொல்வார்கள். நம் மாவட்டத்தில் செப்டம்பர், அக்டோபரில் தடை உத்தரவுகளும் வரும், அப்போது என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று முழுசாகப் படியுங்கள். கொடுக்கும் முன் அறைகளையும் குழலையும் வழக்கத்தைவிடத் தாராளமாக எண்ணெய் விட்டு, உறை இல்லாமல், எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, சிலிக்கா பையோடு கட்டிக் கொடுங்கள். இரண்டு மாதம் அது கடற்கரைக் கட்டடத்தில் கிடக்கும், யாரும் துடைக்க மாட்டார்கள். ரசீதில் துப்பாக்கி எண்ணும் தோட்டா எண்ணிக்கையும் இருக்க வேண்டும். திரும்ப வாங்கும்போது அங்கேயே குழலில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.